மெக்கானிக் நெஞ்சில் மூன்று எண்ணெய்

மெக்கானிக் முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடியபோது, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் அந்தப் பச்சை கவுனோடுதான் ஓடினார். நேரே போய் ஒரு பஸ்ஸில் ஏறினார். அது அவருடைய டெப்போ பஸ். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, புது யூனிஃபார்மா?" என்றார்.

"கிளட்சைப் பார்த்து ஓட்டுடா" என்று அதட்டிவிட்டு, முதுகை சீட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஆடாமல் அசையாமல் வந்து சேர்ந்தார்.

அது போன மாதம்.

இன்று இரண்டாவது முயற்சி. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து மாற்றுவழி போட வேண்டும். சர்ஜன் அவருக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்லியிருந்தார்: "இந்த இன்ஜினை இப்படியே ஓட்டினீங்கன்னா ஒருநாள் நடுரோட்டில நின்னுடும். தள்ளிவிடக்கூட ஆள் கிடைக்காது."

மெக்கானிக் ஒத்துக்கொண்டார். ஆனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே மனைவியிடம் கண்டிஷன் போட்டுவிட்டார். "இருக்கிற தைரியத்தை எல்லாம் வழிச்செடுத்துக்கிட்டு வர்றேன். இன்னிக்கு உள்ளே போனா போனதுதான். ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினாங்கன்னா, மூணாவது தடவை என்னைக் கூப்பிடாதே."

அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. கணவரைப் பற்றி அவளுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுவார். ஊசியைக் கண்டால் வெளிறிப்போவார். சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு விட்டால், பிறகு இல்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் மற்ற இரண்டு பேரையும் மடக்கினாள்.

ஒருவர் டீச்சரக்கா. மெக்கானிக்கின் மூத்த சகோதரி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. டீச்சர் வேலையிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. இன்னொருவன் தம்பி. பெரிய நகரத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். குடும்பத்தில் அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும்.

"உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு ஒப்பந்தம்" என்றாள் தையல்காரி. "இன்னிக்கு சபைப் பேச்சே கூடாது. உங்க சபை, எங்க கோயில், அவங்க ஆராதனை, எதுவும் வேண்டாம். எல்லாரும் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்குவோம். அவர் முன்னாடி ஒண்ணும் கிடையாது. சம்மதமா?"

"நான் எப்பவாவது பேசியிருக்கேனா?" என்றார் டீச்சரக்கா.

"அண்ணி, நான் வாயே திறக்கல" என்றான் ஸ்பீக்கர். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

தையல்காரி கடல் பக்கத்துக்காரி. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கக் கோயில். மெக்கானிக் குடும்பம் மலைப் பக்கம். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, அதன்படி நடக்கும் திருச்சபை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் பெரிய ரகளை. கல்யாணத்துக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஒரு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவளை அவள் கோயிலில் இறக்கிவிட்டு, அவர் அடுத்த தெருவிலிருக்கும் தன் சபைக்குப் போவார். அவர் சபையில் பிரசங்கம் நீளம். அவள் வெயிலில் காத்திருப்பாள். புருஷன் பெண்டாட்டிக்குள் மதத்தின் பேரில் சண்டை என்று வந்தால் அது ஒன்றுதான்.

போதாததற்கு, ஸ்பீக்கர் நகரத்துக்குப் போய் கைதட்டிப் பாடும் சபையில் சேர்ந்து, ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தான். "தண்ணி லாரிக்காரன் தண்ணிக்குள்ள போனதில என்ன அதிசயம்?" என்றார் டீச்சரக்கா. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

மெக்கானிக்கின் போன பிறந்தநாளில் மூன்று பேரும் முறைவைத்து ஜெபம் செய்தார்கள். ஒருவர் முடித்ததும், அதில் ஏதோ குறைவதுபோல் அடுத்தவர் ஆரம்பித்தார். கடைசி ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மெழுகுவத்தி முழுசாக உருகிக் கேக்குக்குள் இறங்கியிருந்தது.

ஆகவே ஒப்பந்தம். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

மூன்று பேருமே ஏமாற்றுக்காரர்கள்.

*

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் ஒரு காத்திருப்பு அறை. திரை கட்டிய கட்டில். மெக்கானிக்கின் நெஞ்சை மழித்து, மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவி, கவுனை மூடினார் டியூட்டி சிஸ்டர்.

"இனிமே இந்த நெஞ்சை யாரும் தொடக்கூடாது. ஈ உட்கார்ந்தாக்கூட எனக்குத் தெரியும். பார்க்கிறவங்க ஒருத்தர் ஒருத்தரா வந்து பார்த்துட்டுப் போங்க. முகமூடி கட்டாயம்."

முதலில் ஸ்பீக்கர் போனான். திரையை இழுத்து மூடினான். இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன புட்டி வெளியே வந்தது.

"என்னடா இது?"

"எங்க பாஸ்டர் உபவாசம் இருந்து ஜெபிச்ச எண்ணெய். அண்ணி கிட்ட மூச்சு விட்டுடாதீங்கண்ணே."

"நெத்தியிலே வைடா."

"வியாதி நெத்தியிலயா இருக்கு?" என்று கேட்டு, கவுனை விலக்கி நெஞ்சிலேயே தடவிவிட்டான். சத்தம் போட்டு ஜெபித்தால் மாட்டிக்கொள்வான். வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஜெபித்தான். கேட்பதற்கு, ஸ்டார்ட் ஆகாத லாரி மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர்.

மெக்கானிக் துணுக்குற்றார். "ஏண்டா அழறே?"

"அழல. அபிஷேகம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிவிட்டான்.

அடுத்தது டீச்சரக்கா. வந்ததும் வராததுமாக, தம்பியின் தலையைக் கோதினார். மெக்கானிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். அக்காவின் கை அவர் தலைமேல் பட்டதெல்லாம் குட்டுவதற்காகத்தான். கோதியதாகச் சரித்திரமே இல்லை.

"என்னக்கா?"

"இருமல் இருக்கில்ல உனக்கு?" கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்தார். "எண்ணெய் பூசறதெல்லாம் நம்ம வழக்கத்தில கிடையாது. இது தைலம். மருந்து. யாரும் கேட்டா இருமலுக்குன்னு சொல்லு. கேட்க மாட்டாங்க, நீயும் சொல்லாதே."

நெஞ்சில் பரபரவென்று தேய்த்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நோயாளிகளுக்கான ஜெபம் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம்.

"என்னக்கா முணுமுணுக்கறே?"

"வாய்ப்பாடு."

முகமூடிக்குள் ஒரு விசும்பல் கேட்டது. டீச்சரக்கா திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார். தம்பி அழுதான். அக்கா தலையைக் கோதினாள். ஏதோ சரியில்லை.

மூன்றாவதாக அவர் மனைவி. அவள் இடுப்பிலிருந்து எடுத்தது மாதா கோயில் எண்ணெய். கடலோரத்துக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் எரியும் விளக்கிலிருந்து எடுத்து, அவள் அண்ணன் அனுப்பி வைத்தது.

"நீயுமா?" என்றார் மெக்கானிக்.

அவள் கை நின்றது. "நீயுமான்னா? வேற யாரு?"

இரண்டு பேர் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் நெஞ்சின் குறுக்கே சிலுவை போட்டுத் தாராளமாகப் பூசினாள். நெஞ்சு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. மருந்தின் ஈரம் என்று நினைத்துக்கொண்டாள். முகமூடிக்குள் தைல வாசனை ஏறவில்லை. கடைசியில் முகமூடியை இறக்கி, குனிந்து அவர் நெற்றியில் முத்தம் ஒன்று வைத்தாள்.

பொது இடத்தில்! கல்யாண போட்டோவில்கூட ஓர் அடி தள்ளி நின்றவள்!

அவள் போனதும் மெக்கானிக் முடிவுக்கு வந்துவிட்டார். டாக்டர் இவர்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் தனித்தனியாக வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறார்கள்.

*

சிஸ்டர் வந்தார். உறை போட்ட கையை கவுனுக்குள் விட்டு, அவசரமாக நெஞ்சில் வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டி, ஒயர்களை மாட்டினார். தலைமாட்டு மானிட்டரில் பச்சைக் கோடு மேலும் கீழும் துள்ளி ஓடியது. யாரோ கூப்பிட, நகர்ந்தார்.

கோடு துள்ளியது. துள்ளியது. ஒரு தடவை தடுமாறியது.

நேராகிவிட்டது.

பீஈஈஈஈ என்று ஒரு சத்தம்.

திரைக்கு வெளியே பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். திரையின் விளிம்பு வழியாக மானிட்டர் தெரிந்தது. சினிமாவில் பார்த்திருக்கிறார்கள். நேர்க்கோடு என்றால் என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆண்டவரே!" என்று ஸ்பீக்கர் முழு வால்யூமில் திறந்தான். பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். புத்தகம் சொன்னால் ஒழிய மண்டியிடாத டீச்சரக்கா தடாலென்று தரையில் மண்டியிட்டார். தையல்காரியின் கை தானாகச் சிலுவை போட்டது. மயக்க மருந்து டாக்டர் ஒரு பக்கமிருந்து ஓடிவந்தார். சிஸ்டர் இன்னொரு பக்கமிருந்து அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "நகருங்க! நகருங்க!"

சர்ரென்று திரை விலகியது.

கட்டிலில் மெக்கானிக் எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்ன சத்தம்? யாருக்கு என்ன ஆச்சு?"

மானிட்டர் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார். "இது யாரோட மெஷின்?"

சிஸ்டர்தான் முதலில் சுதாரித்தார். கவுனை விலக்கினார். நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர்கள் எல்லாம் சறுக்கு மரத்தில் இறங்கிய பிள்ளைகள் மாதிரி, வழுக்கிக்கொண்டே போய் தொப்புளுக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றன. சிஸ்டர் நெஞ்சை ஒரு விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"எண்ணெய்."

அறையில் அலாரம் சத்தம் மட்டும். அதையும் டாக்டர் அணைத்தார்.

"யார் பூசினது?"

ஸ்பீக்கர் ஃபேனைப் பார்த்தான். டீச்சரக்கா தரையில் எதையோ தேடுகிற மாதிரி மண்டியிலிருந்து எழுந்தார். தையல்காரி தன் புடவை முந்தானையின் ஓரத் தையலைப் பரிசோதித்தாள்.

"சரி, நான் கேட்கிறேன்" என்றார் டாக்டர். "இந்த ஸ்டீல் மேஜைமேல வைங்க. கையில இருக்கிறதை எல்லாம்."

ஒரு புட்டி வந்தது. தயங்கித் தயங்கி இன்னொன்று வந்தது. "இது தைலம். மருந்து" என்ற விளக்கத்தோடு மூன்றாவதும் வந்தது.

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணி! நீங்களா? ஒப்பந்தமே நீங்க போட்டதுதானே!"

"நீ மட்டும் யோக்கியமா?"

"அக்கா, உங்க வழக்கத்தில எண்ணெயே கிடையாதும்பீங்களே?"

"தைலம்னு சொன்னேன். காது கேட்கலையா?"

"பேஷண்டை ஆபரேஷனுக்கு அனுப்பப் போறீங்களா, தாளிக்கப் போறீங்களா?" என்றார் சிஸ்டர். "கழுவிட்டுத்தானே போனேன்? ஈ உட்காரக்கூடாதுன்னு சொன்னேனே! ஈ உட்கார்ந்திருந்தா வழுக்கி விழுந்திருக்கும்!"

டாக்டர் மெக்கானிக்கின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நெஞ்சைத் திரும்பக் கழுவிடலாம். அது பிரச்சினை இல்ல. பிரஷர் இப்படிக் கூரையில நின்னா நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன். உள்ளே ஒரு ஆபரேஷன் நடக்குது. அது முடியறதுக்குள்ள இது இறங்கணும். இறங்கலேன்னா இன்னிக்குக் கிடையாது. சர்ஜன் சாயங்காலம் வெளிநாடு போறார். அப்புறம் அடுத்த மாசம்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. அது தையல்காரிக்குத் தெரியும்.

மெக்கானிக் காலைக் கீழே தொங்கப் போட்டார். "என் செருப்பு எங்கே?"

"எங்கே போறீங்க?"

"டெப்போவுக்கு."

"விளையாடாதீங்க. படுங்க."

"யார் விளையாடறா? நீங்க மூணு பேரும்தான் விளையாடறீங்க." அவர் குரல் நடுங்கியது. "டாக்டர் என்ன சொன்னார்னு நேரா சொல்லுங்க. நான் தேற மாட்டேன்னு சொல்லிட்டாரா?"

"யாரு சொன்னா?"

"ஒருத்தன் வந்து எண்ணெய் பூசி அழறான். ஒருத்தி வந்து தலையைக் கோதறா. நீ முத்தம் கொடுக்கறே! யார்கிட்டயும் சொல்லாதேன்னு வேற சொல்லிட்டுப் போறீங்க. நான் மெக்கானிக். மூணு பேர் தனித்தனியா வந்து ஒரு வண்டியைத் தடவிக் கொடுத்துட்டுப் போனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அது ஏலத்துக்குப் போற வண்டி!"

பட்டை தானாக இறுகித் தளர்ந்தது. எண் இன்னும் ஏறியது. சிஸ்டர் தலையை ஆட்டினார்.

தையல்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். ஆறுதல் வார்த்தையெல்லாம் இந்த மனுஷனிடம் எடுபடாது. உண்மைதான் பாக்கி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நீங்க போயிடுவீங்கன்னு நான் பூசலைங்க" என்றாள். "நீங்க பொழைச்சு வருவீங்க, அது எனக்குத் தெரியும். அப்ப உங்க அக்கா வந்து, எங்க சபை ஜெபம்தான்னு சொல்வாங்க. உங்க தம்பி ஊர் முழுக்கச் சொல்வான். எங்க மாதா கோயில் எண்ணெய்க்கு ஒரு பேரும் கிடைக்காது. அதான்."

மெக்கானிக் செருப்பைத் தேடுவதை நிறுத்தினார்.

"எனக்குப் பேருக்காக இல்லண்ணே" என்று ஆரம்பித்த ஸ்பீக்கர், அண்ணனின் பார்வையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, பேருக்காகத்தான். அடுத்த வாரம் சபையில எழுந்து, நீங்க பொழைச்சதைச் சாட்சியா சொல்லணும்னு பேரைக் கொடுத்திட்டேன்."

"எப்ப கொடுத்தே?"

"போன ஞாயித்துக்கிழமை."

"ஆபரேஷனே ஆகலை, அதுக்குள்ள சாட்சியா?"

"நடக்கும்னு நம்பிக்கைதான்."

"அப்ப ஏண்டா அழுதே?"

"எனக்கு ஜெபம் பண்ணினா அழுகை வரும். சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணினாலே வரும். வீட்டில கேட்டுப் பாருங்க."

எல்லோரும் டீச்சரக்காவைப் பார்த்தார்கள். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"எனக்கு இவங்க ரெண்டு பேரையும் தெரியும்" என்றார் கடைசியில். "கண்டிப்பா ஆளுக்கொரு புட்டி கொண்டு வந்திருப்பாங்கன்னு தெரியும். ரெண்டு சபைக்கு எண்ணெய் இருந்து, நம்ம சபைக்கு ஒண்ணுமே இல்லாமப் போனா எப்படி? நம்மகிட்ட எண்ணெய் கிடையாதே. கைப்பையில தைலம்தான் இருந்தது."

"தலையைக் கோதினது?"

"தேய்க்கறதுக்கு முன்னாடி உன்னை ஏமாத்தணுமில்ல."

மெக்கானிக் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நான் பொழைக்கணும்னு பூசினீங்களா, நீங்க ஜெயிக்கணும்னு பூசினீங்களா?"

"ரெண்டும்தான்" என்றாள் தையல்காரி. "நீங்க பொழைச்சாத்தானே நாங்க ஜெயிக்க முடியும்? போயிடற ஆளுக்காக யாராவது இப்படிப் போட்டி போடுவாங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, உதட்டோரம் கோணியது. தோள் குலுங்கியது. பிறகு சத்தமே வந்துவிட்டது. மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்புள் பக்கத்தில் நின்ற ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றாகக் கட்டிலில் உதிர்ந்தன.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் சிஸ்டர், புதுப் பஞ்சால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே. "ஆனா பிரஷர் இன்னும் போதுமான அளவுக்கு இறங்கலை."

சிரிப்பு அடங்கியதும் மெக்கானிக் படுத்தார். "சரி. உள்ளே போறேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க."

"ஜெபம் வேணும். ஒண்ணே ஒண்ணு. மூணு பேரும் சேர்ந்து, ஒரே நேரத்தில. பிறந்தநாளுக்குப் பண்ணின மாதிரி வரிசையில நின்னு பண்ணினீங்கன்னா, எடு செருப்பை."

மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி வந்தார்கள். உடனே சிக்கல்.

"நான் ஆரம்பிக்கிறேன், ஆவியானவர் நடத்துறபடி போவோம்" என்றான் ஸ்பீக்கர்.

"நீ ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் போகும். சர்ஜன் பிளேன் ஏறிடுவார்" என்றார் டீச்சரக்கா. "நோயாளிகளுக்கான ஜெபம் ஒழுங்கா ஒண்ணு இருக்கு. நான் சொல்றேன், நீங்க பின்னாடியே சொல்லுங்க."

"ஸ்கூல் பிரேயரா இது? மாதா கிட்ட வேண்டிக்கிற ஜெபம் ஒண்ணு இருக்கு. சின்னதுதான்" என்றாள் தையல்காரி.

மாதாவிடம் ஜெபிக்கும் வழக்கமில்லாத மற்ற இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

பட்டை இறுகியது. "ஏறுது" என்றார் சிஸ்டர், தலையைத் தூக்காமல்.

மெக்கானிக் கண்ணை மூடியபடியே கேட்டார். "சீஷர்களுக்கு ஆண்டவரே ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்தாரே, அது எந்த சபையோடது?"

ஸ்பீக்கரின் இருமல் பாதியில் நின்றது.

டீச்சரக்கா முதலில் கையை நீட்டினார். ஸ்பீக்கர் பக்கம். அவன் மூழ்கி எழுந்த நாளிலிருந்து அவர் அவன் கையைத் தொட்டதில்லை. அவன் பிடித்துக்கொண்டான். தையல்காரி இன்னொரு பக்கம் பிடித்தாள்.

ஆரம்பித்தார்கள். ஆரம்பமே மூன்று திசையில் போனது. இரண்டு பேருக்குப் பிதா, ஒருத்திக்குத் தந்தை. டீச்சரக்கா ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தையல்காரி ஜெபமாலை உருட்டிப் பழகிய வேகத்தில் தையல் மெஷின் மாதிரி ஓடினாள். ஸ்பீக்கர் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு ஸ்தோத்திரத்தைச் செருகினான். இரண்டாவது வரியில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள்.

டீச்சரக்கா கொஞ்சம் வேகம் கூட்டினார். தையல்காரி மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஸ்பீக்கரின் ஸ்தோத்திரங்கள் மெல்லியதாகி, மூச்சாகி, நின்றே போயின. அவன் சத்தம் போடாமல் ஜெபித்ததை அந்தக் குடும்பம் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டது. அப்பத்தைப் பற்றிய வரிக்கு வரும்போது மூன்று குரலும் தோளோடு தோள் உரசி நடந்தன. மன்னிப்பைப் பற்றிய வரியில் டீச்சரக்காவின் குரல் கரகரத்தது. ஸ்பீக்கரின் விரல்கள் இறுகின.

தீமையிலிருந்து காக்கச் சொல்லும் வரி முடிந்ததும் தையல்காரி "ஆமென்" என்று சிலுவை போடக் கையை உருவினாள். மற்ற இரண்டு பேரும் நிற்கவில்லை. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று அவர்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. அவள் கை பாதி வழியில் நின்றது. அந்த வரி அவளுக்கும் தெரியும். அவள் கோயில் பூசையில் அது கொஞ்சம் தள்ளி வரும். கையைத் திரும்பக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து அந்த வரியைச் சொன்னாள். அவர்கள் ஆமென் சொல்ல, இரண்டாவது தடவையாகத் தானும் ஆமென் சொன்னாள். பிறகு சிலுவை போட்டாள். டீச்சரக்கா அதற்காகக் காத்திருந்தார்.

"ஆமென்" என்று இன்னொரு குரலும் கேட்டது. சிஸ்டர்.

"நீங்க எந்த சபை சிஸ்டர்?" என்றான் ஸ்பீக்கர், ஆவலோடு.

"டியூட்டி சபை. நகருங்க" என்று பட்டையின் பொத்தானை அழுத்தினார். எண் ஓடியது. இறங்கியது. இன்னும் இறங்கியது. சிஸ்டர் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

கட்டில் சக்கரங்கள் உருண்டன. கதவு வரைக்கும் மெக்கானிக் மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டே போனார். "நல்லா இருந்தது" என்றார். "முதல் ரெண்டு வரி டீசல்ல மண்ணெண்ணெய் கலந்த மாதிரி இருந்தது. அப்புறம் பிக்கப் ஆயிடுச்சு."

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

*

மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேறு பெஞ்சுகள் காலியாகத்தான் இருந்தன.

யாரும் சபையைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பீக்கர் போய் மூன்று காபி வாங்கி வந்தான். டீச்சரக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒருமுறை தையல்காரியிடம், "உங்க கோயில்ல அந்த வரி எங்கே வரும்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "ஓ" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "தப்பில்ல" என்றார்.

"அக்கா, உங்க புத்தகத்தில நோயாளிகளுக்கான ஜெபம் எப்படி வரும்?" என்றான் ஸ்பீக்கர்.

"மெதுவா கேளு, சொல்றேன்."

அவர் சொன்னார். அவன் குனிந்து கேட்டான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஸ்தோத்திரம் தப்பி வெளியே வந்துவிட்டது. டீச்சரக்கா திருத்தவில்லை.

விளக்கு அணைந்தது. சர்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். மூன்று பேரும் எழுந்த வேகத்தில் பெஞ்ச் பின்னுக்குப் போனது.

"நல்லபடியா முடிஞ்சது. இன்ஜின் ஓடுது. நினைவு திரும்பியதும் ஒருத்தர் மட்டும் பார்க்கலாம். ஒருத்தர்தான்."

அவர் போனார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள்.

"அக்கா, நீங்க போங்க. நீங்கதான் மூத்தவங்க" என்றாள் தையல்காரி.

"நான் எதுக்கு? அவன் போகட்டும். பாசக்காரன். வாயைத் திறக்காம பார்த்துட்டு வரட்டும்."

"ஐயோ, நான் போனா அழுதுடுவேன். அண்ணன் மறுபடி தப்பா நினைச்சுக்குவார். அண்ணி போகட்டும்."

"இல்ல, அக்கா…"

"இல்லம்மா, நீ…"

உள்ளேயிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "இப்படி ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டே நின்னீங்கன்னா, அவர் டிஸ்சார்ஜே ஆயிடுவார். சம்சாரம் வாங்க."

தையல்காரி உள்ளே போனாள். மெக்கானிக்கின் வாயில் குழாய். பேச முடியாது. கண் மட்டும் திறந்திருந்தது. நெஞ்சில் வெள்ளைக் கட்டு. மேலே மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காகத் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் முதலில் கட்டைத்தான் பார்த்தாள், தொழில் புத்தி. வெளியே நேராகத்தான் இருந்தது, உள்தையல் எப்படிப் போட்டிருக்கிறார்களோ.

அவர் கையைக் கொஞ்சம் தூக்கினார். மூன்று விரல்களைக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

"மூணு பேரும் வெளியேதான் இருக்கோம்" என்றாள். "ஒரே பெஞ்சில."

புருவம் இறங்கவில்லை.

"இல்லைங்க. இன்னும் சண்டை வரல."

மெக்கானிக்கின் கண்ணோரம் சுருங்கியது. "சிரிக்கக்கூடாது! தையல் பிரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று அதட்டினாள் அவள். அதட்டிவிட்டு, சிஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்த மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.